கட்டிலைப் பிரித்துப் போடும் முன்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நினைவு தடுமாறத் தொடங்கியபின், யாரை யார் வைத்துக்கொள்வது என்று கூடிப் பேசிக்கொண்டிருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், மருமகள்களுக்கும் மருமகன்களுக்கும்,



நீங்கள் எடுக்கப்போகும் முடிவு எனக்கு ஓரளவு தெரியும். அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவள் வீட்டில். இல்லையென்றால் இருவரும் ஒரே வீட்டில்தான், ஆனால் அப்பாவுக்குத் தனி அறையும் ஓர் அட்டெண்டரும்; அம்மா ஹாலில் பேத்தியோடு. காரணங்கள் எல்லாமே நியாயமானவை. அம்மாவுக்கு முட்டி வலி. அப்பா ராத்திரி முழுக்க யாரையும் தூங்கவிடுவதில்லை. இரண்டு பேரையும் ஒரே பிள்ளையின் தலையில் கட்டினால் அந்தக் குடும்பம் தாங்காது. அன்பில்லாமல் யாரும் இந்த முடிவுக்கு வருவதில்லை என்பதையும் நான் அறிவேன்.

ஆனால் மாத்திரை, டயப்பர், பென்ஷன், ஏ.டி.எம். கார்டு என்று எல்லாவற்றையும் அலசும் அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் பேச்சுக்கே வருவதில்லை. அவர்கள் இருவரும் புருஷன் பொண்டாட்டி. நாற்பது, ஐம்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் படுத்து எழுந்தவர்கள். ஒருவருடைய மனம் நிலைமாறிய பிறகும் அவர்களுக்குள் ஏதோ ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதைக் கலைக்குமுன் அது என்னவென்று ஒருமுறை பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பம்தான். மறதி என்றுதான் வெளியில் சொல்கிறோம். வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட அதிகம் தெரியும். காலையில் பேப்பர் படித்து விலைவாசியைத் திட்டுகிற மனிதர் மாலை ஐந்தரைக்கு வேறொரு காலத்தில் இருக்கிறார். எதிரில் இருக்கும் மனைவி சில நிமிஷம் அவருடைய அம்மாவாகிறாள், சில நிமிஷம் தங்கையாகிறாள். விழித்துக்கொண்டேதான் இருக்கிறார். அந்த விழிப்பு மட்டும் நம்முடையதாக இல்லை.

என் பெரியப்பா ரயில்வே கார்டாக இருந்து விருதுநகரில் ஓய்வுபெற்றவர். நோய் முற்றியபின், பொழுது சாயும் நேரத்தில் அவருக்கு நைட் டியூட்டி வந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு, டார்ச் எங்கே, விசில் எங்கே என்று வீட்டைப் புரட்டிப் போடுவார். பெரியம்மா ஒருநாளும் "நீங்கதான் ரிட்டயர்டு ஆகிட்டீங்களே" என்று சொன்னதில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, தானும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை கூடவே நடப்பார். அங்கே நின்று, "வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டாம். வாங்க, சாப்பிட்டுட்டு வரலாம்" என்பார். வண்டி லேட் என்றால் ரயில்வேக்காரரிடம் மறுபேச்சு ஏது? திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். பிற்பாடு அவரைக் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனார். கோவையில் வைத்த அட்டெண்டர் நல்ல பையன்தான். டியூட்டி நேரம் வந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, "தாத்தா, நீங்க ரிட்டயர்டு" என்று உள்ளதைச் சொன்னான். பெரியப்பா அவனை அடித்தார். தூக்க மாத்திரை ஆரம்பமானது அதற்குப் பிறகுதான்.

பெரியம்மா செய்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லிக்கொடுக்காது. வேலைக்குக் கிளம்பும் மனிதரை வாசலில் நின்று வழியனுப்பிய வருஷங்கள் கொடுத்த அறிவு அது. எந்தப் பொய் அவரை அவமானப்படுத்தும், எந்தப் பொய் அவருடைய மதிப்பைக் காப்பாற்றும் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நெருக்கம் என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

ராத்திரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

"உங்கப்பா தூக்கத்துல கை நீட்டுறாரு" என்று அம்மா போனில் சொன்னால், அதைப் பழைய சண்டைகளின் மிச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். கனவு காணும் தூக்கத்தில் நம் கைகால் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும். அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலில் அசையாமல் கிடக்கிறோம். சிலருக்கு வயதான காலத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கனவில் நாய் துரத்தினால் நிஜமாகவே உதைப்பார்கள். மனைவியைத் திருடனிடமிருந்து காப்பாற்றுவதாகக் கனவு கண்டு அந்த மனைவியையே அடித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷென்க், மார்க் மகோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் 1986-இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள். இந்த நோய் வந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் நோயோ லூயி பாடி டிமென்ஷியாவோ வந்தது. நினைவு தடுமாறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பேகூடத் தூக்கம் இப்படிச் சேதி சொல்லிவிடுகிறது. சேதி போய்ச் சேருவது யாருக்கு? தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். விவரம் தெரிந்த நரம்பியல் மருத்துவர் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, "தூக்கத்துல கத்துறாரா, கையைக் காலை வீசுறாரா?" என்று கேட்பது அதனால்தான். ஆஸ்பத்திரிக்கு அப்பாவை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கேள்விக்கான பதிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தப் பதில் ஏன் முக்கியம் என்றால், லூயி பாடி நோயாளிக்கு இல்லாத குழந்தைகளும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும், பதற்றம் வரும். அதை அடக்க ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் சிலருக்கு உடல் மரக்கட்டைபோல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மா சொல்லும் ஒரு வாக்கியம் அந்த மருந்துச் சீட்டை மாற்றக்கூடும்.

அப்படியானால் அடி வாங்கிக்கொண்டு அம்மா அங்கேயே படுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இதற்கு மருந்து இருக்கிறது, மெலடோனின் உட்பட. கட்டில்களைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், நடுவில் தலையணை அடுக்கலாம், மெத்தையைத் தரையில் விரிக்கலாம். ஆனால் தள்ளிப் போடும்போது அது ஏன் என்று இருவருக்கும் சொல்லுங்கள். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூளை முழுக்க லூயி பாடி நோய் பரவியிருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அவருடைய மனைவி சூசன் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் என் மனதை விட்டு அகலவில்லை. இருவரும் கொஞ்சமாவது தூங்க வேண்டும் என்பதற்காகத் தனித்தனியே படுக்கும்படி அவர்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். ராபின் மனைவியிடம், அப்படியென்றால் நாம் பிரிந்துவிட்டோமா என்று கேட்டிருக்கிறார். எத்தனை படம், எத்தனை புகழ், எத்தனை மருத்துவர்கள்! அந்த மனிதருக்கே கட்டில் மாறினால் அப்படித்தான் தோன்றியது. நம் அப்பா கேட்கக்கூடத் தெரியாமல் ராத்திரியில் எழுந்து வீடு முழுக்க அம்மாவைத் தேடி அலைகிறார். நாம் அதற்கு "சுத்துறது" என்று பெயர் வைத்து, வெளியே தாழ்ப்பாள் போடுகிறோம்.

ஆஸ்பத்திரியிலும் இதேதான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தவர், உப்பு குறைந்தவர், மலச்சிக்கலில் கிடப்பவர், புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்தவர் — வயதானவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் ஒரே ராத்திரியில் சித்தம் கலங்கலாம். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். இது மணிக்கணக்கில் வரும், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் இறங்கும். "ஒரு வாரத்துல அப்பா இப்படி ஆகிட்டாரே" என்று நீங்கள் அழுகிறீர்கள் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஷரான் இனோவே என்ற அமெரிக்க மருத்துவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கண்ணாடியும் காதுக் கருவியும் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, நடக்கவைத்து, இது எந்த இடம், என்ன கிழமை என்று பேச்சுக் கொடுத்து, ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்க உதவியபோது அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. அங்கே இதையெல்லாம் செய்யப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் இருந்தார்கள். நம்மிடம் அம்மா இருக்கிறார். நாமோ "நீ ராத்திரி கண்ணு முழிச்சா உனக்கு பி.பி. ஏறும்" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ராத்திரி நீங்கள் இருங்கள், சரி. பகலில் அம்மாவின் குரல் அந்தக் கட்டிலருகே கேட்கட்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "அவருக்குத்தான் அம்மாவையே தெரியலையே." இதற்குப் பதில் சொல்ல நான் இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

கிளைவ் வேரிங் ஓர் இசையறிஞர், பி.பி.சி. வானொலியில் பணியாற்றியவர். 1985 மார்ச்சில் ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கி, புதிதாக எதையும் நினைவில் பதிக்கும் திறனை அடியோடு அழித்துவிட்டது. சில வினாடிகளுக்கு மேல் எதுவும் நிற்காது. ஒவ்வொரு சில நிமிஷத்துக்கும் தான் இப்போதுதான் முதல்முறையாக விழித்திருப்பதாக டயரியில் எழுதுவார். முந்தைய வரியைத் தான் எழுதவில்லை என்று அடிப்பார். திரும்ப அதையே எழுதுவார். இப்படி நோட்டு நோட்டாக. ஆனால் மனைவி டெபோரா அறைக்குள் நுழைந்தால், எத்தனையோ வருஷம் பிரிந்திருந்தவர்போல் ஓடிவந்து கட்டிக்கொள்வார். டெபோரா ஐந்து நிமிஷம் வெளியே போய்விட்டு வந்தாலும் மறுபடியும் அதே ஆனந்தம். திருமணம் நடந்த நாள் கிளைவின் நினைவில் இல்லை. அவள்தான் தன்னவள் என்பது மட்டும் தெரியும்.

டெபோரா தெய்வப்பிறவியாக இருந்துவிடவில்லை, அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. தாங்க முடியாமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார். வேறு வாழ்க்கையைத் தேடிப் பார்த்தார். திரும்பி வந்து 2002-இல் அதே மனிதரோடு மணவுறுதியைப் புதுப்பித்துக்கொண்டார். விலகிப் போக வழி இருந்ததால், திரும்பி வந்தது அவருடைய விருப்பமாக இருந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு வழியை நாம் வைத்திருக்கிறோமா?

அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் காட்டி, அயோவா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2014-இல் வெளிவந்தது. கொஞ்ச நேரத்தில் காட்சி மறந்துபோயிற்று, அது கிளப்பிய உணர்ச்சி மட்டும் மறையாமல் நின்றது. எவ்வளவுக்கெவ்வளவு மறந்தார்களோ அவ்வளவுக்கவ்வளவு சோகம் நீடித்தது. அம்மா வந்து பத்து நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனதை அப்பா மறந்துவிடுவார். அந்தப் பத்து நிமிஷம் அவருக்குள் செய்தது அதோடு போய்விடாது. யாரோ எரிந்துவிழுந்ததும் அப்படித்தான்.

இனி, கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

பிள்ளைகள் முன்னால் ஒருவர் கையை ஒருவர் தொட்டிருக்கமாட்டார்கள் நம் பெற்றோர். நோய் அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுகிறது. ஹாலில் எல்லோரும் இருக்கும்போதே அப்பா அம்மாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைக்கிறார், கன்னத்தைத் தடவுகிறார், "வா, படுக்கலாம்" என்கிறார். மருமகளுக்குத் தர்மசங்கடம். பேரன் சிரிக்கிறான். மகன், "அப்பா, என்ன இது அசிங்கமா?" என்று அதட்டுகிறான். அந்த அதட்டலில் கூனிக்குறுகிப் போவது பெரும்பாலும் அம்மாதான். மருமகளின் சங்கடத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை; அவள் வீடு அது. அதற்கு வேண்டியது சாத்திக்கொள்ள ஒரு கதவு. மத்தியானம் ஒரு மணி நேரம் அந்த அறைக்குள் அட்டெண்டர் உட்பட யாரும் போகாமல் இருக்கலாம். உள்ளே அவர்கள் பேசினாலும் தூங்கினாலும் கட்டிக்கொண்டு படுத்தாலும், அம்மா விரும்பும்வரை அது நம் விஷயம் இல்லை. ஆசை திடீரென்று அளவுமீறிப் போனால் மட்டும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் டிமென்ஷியா வகையில் அப்படி நடக்கும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் பிராமிபெக்ஸால் போன்ற மாத்திரைகளாலும் நடக்கும், அளவைக் குறைத்தால் தணியும்.

அம்மா விரும்பும்வரை என்றேன். இந்த மடலில் நீங்கள் ஒரு வரியைத்தான் கையோடு எடுத்துப் போவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். எல்லாத் தாம்பத்தியமும் இனித்துக் கிடந்ததில்லை. குடித்துவிட்டு வந்து அடித்த கைகளை இப்போது சோப்புப் போட்டுக் கழுவிவிடும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி கணவர் தன்னை மறந்தபின் மென்மையாகிவிட்டதைச் சொல்லி, "இந்த மனுஷனோடதான் கல்யாணம் ஆகியிருக்கணும்" என்றார். இன்னொருத்தி, "தொடுறப்பல்லாம் உடம்பு கூசுது, வெளியில சொல்ல முடியலை" என்றார். இரண்டுமே உண்மை. முதலாமவரை அவரிடமிருந்து பிரிப்பதும் கொடுமை, இரண்டாமவரை அவருக்குப் பக்கத்திலேயே படுக்கவைப்பதும் கொடுமை. பொண்டாட்டி என்பதால் செய்துதான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது, நாத்தனார் உட்பட.

நோயாளி பக்கத்திலும் சம்மதம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹென்றி ரேஹான்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த தன் மனைவியோடு உறவுகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். மனைவிக்கு அல்சைமர், அவரால் சம்மதம் தர இயலாது என்பது வழக்கு. 2015 ஏப்ரலில் ஜூரி அவரை விடுவித்தது. அந்த வழக்கைப் படித்தபோது யார் பக்கம் நிற்பதென்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை. சொல்ல முடிவது இவ்வளவுதான்: ஆளின் பெயர் மறந்தவருக்கும் முகம் சுளிக்கத் தெரியும், உடம்பை இறுக்கிக்கொள்ளத் தெரியும், கையைத் தட்டிவிடத் தெரியும். அந்த நேரத்துக்கு அதுவே பதில். அம்மா நோயாளியாகவும் அப்பா நலமாகவும் இருக்கும் வீடுகளில் இதை அப்பாவிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். மகளால் முடியாது என்றால் குடும்ப டாக்டர் பேசட்டும்.

ஒருநாள் அப்பா, "நீ யாரு? என் பொண்டாட்டியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கேட்கலாம். மனைவியைப் போலவே வேஷம் போட்ட வேறொருத்தி என்று நினைக்கும் இந்த நிலையை ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923-இல் பதிவுசெய்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் விவரித்த ஓர் இளைஞன், விபத்துக்குப் பிறகு பெற்றோரை நேரில் பார்த்தால் போலிகள் என்றான். போனில் பேசினால் அவர்கள்தான் என்று ஏற்றுக்கொண்டான். முகம் மூளைக்குள் போகும் பாதையும் குரல் போகும் பாதையும் வேறு. அம்மா அழுதுகொண்டு வாதாட வேண்டாம். அறையைவிட்டு வெளியே போய், கொஞ்சம் கழித்துச் சமையலறையிலிருந்து "என்னங்க, காபி போடட்டுமா?" என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். எல்லா நாளும் பலிக்காது. பலிக்கிற நாளில் சண்டை ஒன்று குறையும்.

இன்னும் கடினமான ஒன்றும் நடக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், அல்சைமர் வந்த கணவரைக் கவனித்துக்கொள்வதற்காக 2006-இல் பதவியைவிட்டு இறங்கினார். மணமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மறுவருஷம், பராமரிப்பு இல்லத்தில் இருந்த கணவர் அங்கிருந்த இன்னொரு பெண்மணியிடம் காதல்வயப்பட்டார். இருவரும் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். ஓ'கானர் பார்க்க வருவார், கணவர் அங்கே நிம்மதியாக இருக்கிறார் என்று மகிழ்ந்தார். இதை அவர்களுடைய மகனே தொலைக்காட்சியில் சொன்னார். இந்த மனசு எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பிள்ளைகள் அதிலிருந்து ஒன்றைக் கற்கலாம்: அம்மா பொறாமைப்பட்டாலும் அழுதாலும் மகிழ்ந்தாலும், "இந்த வயசுல இதெல்லாமா?" என்று கேட்காமல் இருப்பது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன், உங்களில் ஒருவர், முடிந்தால் மகள், அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். அப்பாவும் மற்றவர்களும் இல்லாத இடத்தில். "அவரோட ஒரே ரூம்ல இருக்கணுமா, வேண்டாமா? ராத்திரி எப்படி இருக்கு? பயமா இருக்கா?" முதல் தடவை "உங்க இஷ்டம்" என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னொரு நாள் திரும்பக் கேளுங்கள். கூட இருக்க வேண்டும் என்றால், பணம் செலவழிக்க வேண்டியது ராத்திரி அட்டெண்டருக்கு. அம்மா தூங்கினால்தான் பகலில் அவரால் மனைவியாக இருக்க முடியும். வேண்டாம் என்றால் மறுவார்த்தை பேசாமல் வேறு ஏற்பாடு செய்யுங்கள். வழி தெரியாவிட்டால் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் ஸ்கார்ஃப் அமைப்பின் டிமென்ஷியா பிரிவை விசாரிக்கலாம்.

இருவரும் சேர்ந்திருக்க விரும்பியும் பிரிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், சந்திக்கும் நாளை முன்கூட்டியே முடிவுசெய்து காலண்டரில் குறித்துவையுங்கள். காலை நேரமாக இருக்கட்டும், மாலையில் அவருக்குக் குழப்பம் கூடும். டிராபிக்கைக் காட்டியும், அவருக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே என்று சொல்லியும் அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அழைத்துப் போனால், இருவரையும் உட்காரவைத்துவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி